வீட்டுக்கு ஜெனரேட்டர்: எத்தனை கேவிஏ, எங்கே வைப்பது, எப்படி இணைப்பது?

#1 மாடிவீடு

வணக்கம். தனி வீடு, சிங்கிள் பேஸ் சப்ளை, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கரண்ட் போனால் நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. 150 ஏஎச் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கிறது. விளக்கும் ஃபேனும் அதில் ஓடிவிடும். ஃபிரிட்ஜ், 1 எச்பி தண்ணீர் மோட்டார், 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று, மிக்ஸி ஆகியவற்றுக்காக ஜெனரேட்டர் பார்க்கிறேன். விசாரித்ததில் ஒருவர் 3 கேவிஏ தாராளம் என்கிறார், அடுத்தவர் 7.5-க்குக் குறைந்தால் மோட்டார் எடுக்காது என்கிறார். ஏன் இவ்வளவு வித்தியாசம்? பெட்ரோலா, டீசலா? எங்கே வைப்பது, எப்படி இணைப்பது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கம்பிச்சுருள்

முதலாமவர் ஓடும் வாட்டை மட்டும் கூட்டியிருக்கிறார். இரண்டாமவர் மோட்டார் கிளம்பும் நொடியை மட்டும் பார்த்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கேவிஏ என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது.

ஓடும் லோடு: ஃபேன் ஒன்று 75 வாட், ஆறு ஃபேன் 450. எல்இடி 9 வாட் வீதம் பன்னிரண்டு, 108. டிவி, ரவுட்டர் 115. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடும்போது 150. ஆக 823 வாட். ஏசி முழு வேகத்தில் 1500 என்று வைத்தால் 2323. 1 எச்பி என்பது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் 746 வாட். சப்ளையிலிருந்து அது இழுப்பது 1100 வாட் அளவில் இருக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் ஓடினால் 3423 வாட்.

இனி கிளம்பும் நொடி. அந்த மோட்டார் ஓடும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது நாலு முதல் ஆறு மடங்கு, அதாவது 24 முதல் 36 ஆம்பியர். 30 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் அது 6.9 கேவிஏ. ஒரு நொடியோ இரண்டு நொடியோதான். ஆனால் அந்த நேரத்தில் ஆல்டர்னேட்டரின் (ஜெனரேட்டரில் கரண்ட் உற்பத்தியாகும் பகுதி) வோல்டேஜ் மிகவும் இறங்கிவிட்டால் மோட்டார் சுழலாமல் முனகிக்கொண்டே நிற்கும், வைண்டிங் சூடேறும். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு நான் வைக்கும் அளவு இது: மோட்டார் ஓடும்போது எடுக்கும் கேவிஏ-வைப் போல மூன்று மடங்காவது ஜெனரேட்டர் செட்டின் தொடர் திறன் (இடைவிடாமல் தரும் திறன்) இருக்க வேண்டும். உங்கள் மோட்டார் 1.4 கேவிஏ எடுக்கும், மூன்று மடங்கு 4.2. ஆக 3 கேவிஏ போதாது. 7.5 தேவையில்லை. மோட்டாரை முதலில் போட்டு, அது வேகம் பிடித்த பிறகு ஏசியைப் போடுவீர்கள் என்றால் 5 கேவிஏ சரி.

இன்வெர்ட்டர் ஏசிக்குக் கிளம்பும் இழுப்பு கிடையாது, மெதுவாகத்தான் ஏறும். பழைய வகை ஏசியாக இருந்திருந்தால் கணக்கே வேறு. அதன் கம்ப்ரசரும் மோட்டாரும் ஒன்றாகக் கிளம்ப 7.5 கூடத் திணறும்.

வாங்கும்போது தகட்டைப் படியுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்சத் திறன், சில நிமிடங்களுக்கு மட்டும் தாங்குவது. ‘ரேட்டட்’ என்று சின்னதாக எழுதியிருக்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது. பவர் ஃபேக்டர் (கேவிஏ-வில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்ற எண்) 0.8 என்றிருந்தால் 5 கேவிஏ செட் 4 கிலோவாட்தான் தரும். உங்கள் 3.4 அதற்குள் அடங்கும். மோட்டார் நின்றபின் 2.3, அதாவது சுமார் 58 சதவீதம். செட்டுக்கு ரொம்ப வசதியான லோடு. உயரமான மலைப்பகுதி என்றால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 3 முதல் 4 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். காற்று மெலிந்தால் இன்ஜினின் சக்தியும் குறையும்.

கீசர், இண்டக்ஷன் அடுப்பு இரண்டையும் ஜெனரேட்டர் பக்கமே கொண்டு வராதீர்கள். ஒவ்வொன்றும் 2 கிலோவாட்.

#3 ஒத்தப்பேஸ்

மாற்றுக் கருத்து. தண்ணீர் மோட்டாரை ஜெனரேட்டர் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாமே? கரண்ட் இருக்கும்போது தொட்டியை நிரப்பி வைத்தால் நாலைந்து மணி நேரம் ஓடிவிடும். மோட்டார் இல்லாவிட்டால் மீதி 2323 வாட். 3 கேவிஏ இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் (அவுட்புட்டை எலக்ட்ரானிக்ஸ் சீராக்கித் தருவது) போதும். சத்தமும் எரிபொருளும் பாதி.

#4 கம்பிச்சுருள்

தொட்டியைத் தானாக நிரப்பும் லெவல் கன்ட்ரோலர் இருந்தால் நல்ல யோசனை. ஆனால் 3 கேவிஏ என்றால் 2.4 முதல் 2.8 கிலோவாட் வரைதான். ஏசி முழு வேகத்தில் ஓடும்போது மிக்ஸியைப் போட்டால் தாண்டிவிடும். ஏசி ஓடும்போது மிக்ஸி இல்லை என்ற ஒழுங்கு வீட்டில் நிற்குமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். இன்வெர்ட்டர் வகை செட்டின் வோல்டேஜும் பிரீக்வென்சியும் சுத்தமாக இருக்கும், லோடு குறைந்தால் இன்ஜின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆனால் அளவு மீறிய இழுப்பைக் கண்டால் அதன் எலக்ட்ரானிக்ஸ் உடனே அவுட்புட்டை வெட்டிவிடும். ஏவிஆர் (வோல்டேஜைத் தானாகச் சீராக வைக்கும் பாகம்) உள்ள சாதாரண செட் அந்த இடத்தில் ஒரு நொடி முனகி, வோல்டேஜ் இறங்கி, மறுபடி எழுந்துவிடும். மோட்டார் ஓட்ட வேண்டும் என்றால் ஏவிஆர் செட்தான். மோட்டார் வேண்டாம் என்றால் ஒத்தப்பேஸ் சொன்ன பக்கம் போகலாம்.

#5 மாடிவீடு

மோட்டார் கட்டாயம் வேணுங்க, லெவல் கன்ட்ரோலர் இல்லை. அப்போ 5 கேவிஏ ஏவிஆர். பெட்ரோல், டீசல்?

#6 புகைக்குழாய்

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்ங்கிறதுதான் கேள்வி. மாசத்துல பத்து, பதினைஞ்சு மணி நேரம்னா பெட்ரோல். தினமும் நாலு மணி நேரம்னா டீசல் பாருங்க.

கணக்கு சொல்றேன். 5 கேவிஏ பெட்ரோல் செட் பாதி லோடுல மணிக்கு ஒன்றரை லிட்டர் பக்கம் குடிக்கும். டீசல் அதே லோடுல ஒரு லிட்டர், இல்லன்னா கொஞ்சம் கம்மி. அஞ்சு மணி நேரம் போனா பெட்ரோல் ஏழரை லிட்டர். டேங்க் எவ்வளவு புடிக்கும்னு பார்த்து வாங்குங்க, நடுராத்திரி நிறுத்தி ஊத்துற வேலை வேண்டாம்.

டீசலுக்கு ஒரு நோய் உண்டு. லோடு 30 சதவீதத்துக்குக் கீழே ரொம்ப நேரம் ஓடினா சிலிண்டர் சூடு போதாம டீசல் முழுசா எரியாது. கறுப்பா, எண்ணெய்ப் பசையா சைலன்சர்ல வழியும். இன்ஜெக்டர் அடைக்கும், லைனர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். ‘இருக்கட்டும், பெருசா வாங்கிப் போடுவோம்’னு 10 கேவிஏ டீசல் வாங்கி ரெண்டு ஃபேனும் டிவியும் ஓட்டுற வீடுகள்ல இதுதான் நடக்குது.

பெட்ரோலோட நோய் வேற. ஓட்டாம வச்சா ஒண்ணு ரெண்டு மாசத்துலயே பெட்ரோல் பழசாகும், கார்புரேட்டர் மெயின் ஜெட்ல கோந்து மாதிரி படியும். எத்தனால் கலந்த பெட்ரோல்னா ஈரத்தையும் இழுக்கும். ‘நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ன்னு வர்ற செட்ல பெரும்பாலும் இதேதான். தீர்வு: நிறுத்தும்போது சாவிய அணைக்காதீங்க. பெட்ரோல் டேப்ப மூடிட்டு அதுவா நிக்கட்டும், கார்புரேட்டர் கிண்ணம் காலியாயிடும். ரெண்டு மாசத்துக்கு மேல சும்மா வைக்கிறதா இருந்தா டேங்க்கையும் காலி பண்ணிடுங்க.

கேஸ்ல ஓடுற செட்டும் இருக்கு. கோந்து தொல்லை கிடையாது, ஆனா எல்பிஜில சக்தி 10 சதவீதம் பக்கம் குறையும். சின்ன சிலிண்டர் ஒண்ண மட்டும் வச்சு 5 கேவிஏ ஓட்டினா திரவம் அவ்வளவு வேகமா ஆவியாகாது. சிலிண்டர் வெளியில பனி புடிக்கும், அழுத்தம் இறங்கி இன்ஜின் திக்கும். ரெண்டு சிலிண்டர இணைச்சுப் போடணும்.

வேகமும் பாருங்க. 3000 ஆர்பிஎம் செட் எடை கம்மி, விலை கம்மி, சத்தம் ஜாஸ்தி, ஆயுள் கம்மி. 1500 ஆர்பிஎம் நாலு போல் ஆல்டர்னேட்டர் செட் கனமா இருக்கும், வருஷக்கணக்கா உழைக்கும். எப்பவாவது ஓட்டுறதுக்கு 3000 போதும், தப்பில்ல.

#7 மாடிவீடு

மாதத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் போகாது. பெட்ரோல் முடிவு. கார் நிறுத்தும் போர்ட்டிகோவில் ஷட்டரைத் திறந்து வைத்து ஓட்டலாமா? அல்லது மாடி பால்கனி?

#8 நடுக்கம்பி

இரண்டுமே கூடாது.

இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று போகும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கைகூட இருக்காது. ஷட்டர் திறந்திருப்பதால் அது வெளியேறிவிடும் என்று நம்ப முடியாது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் போகும். போர்ட்டிகோ கதவு வழியாகவோ பால்கனி ஜன்னல் வழியாகவோ நேராகப் படுக்கையறைக்கு வரும்.

திறந்தவெளியில் வையுங்கள். கதவு, ஜன்னல், ஏசியின் வெளிக்காற்றுத் துவாரம் எல்லாவற்றிலிருந்தும் 6 மீட்டர் தள்ளி. புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் இதே தூரம் பொருந்தும். வீட்டுக்குள் படுக்கையறைப் பக்கம் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

#9 புகைக்குழாய்

இடத்தப் பத்தி இன்னும் கொஞ்சம். தரையில நேரா வைக்காதீங்க, மழைத் தண்ணி நிக்கும். 100-லிருந்து 150 மில்லிமீட்டர் கனத்துல கான்கிரீட் மேடை, செட்டோட அளவ விட நாலு பக்கமும் 150 மில்லிமீட்டர் கூடுதலா. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். மட்டம் பார்த்துப் போடணும். சாய்வா இருந்தா ஆயில் அளவு காட்டுற சென்சார் ஏமாந்து ‘ஆயில் இல்ல’ன்னு ஸ்டார்ட் ஆகவே விடாது. ஆயில் இருக்கு, இன்ஜின் நல்லாருக்கு, ஆனா ஸ்டார்ட் ஆகலன்னா முதல்ல மட்டம் பாருங்க.

மேல கூரை போடுறீங்கன்னா நாலு பக்கமும் திறந்திருக்கணும். சுவர ஒட்டி வச்சா இன்ஜின் தள்ளுற சூடான காத்து சுவர்ல மோதித் திரும்பி அதே இன்ஜினுக்குள்ள போகும். அரை மணி நேரத்துல சூடாகிச் சக்தி இறங்கும். ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்க.

புகைக்குழாய நீட்டுறதா இருந்தா இன்ஜின் பக்கம் முதல்ல வளையுற குழாய் ஒரு துண்டு, அதுக்கப்புறம்தான் இரும்புக் குழாய். குழாயோட எடை சைலன்சர் மேல உக்காரக் கூடாது, தனியா தாங்கி வேணும். இல்லன்னா அதிர்வுல சைலன்சர் போல்ட்டு ஒடியும். சின்ன ஏர்கூல்டு செட்டுல நீட்டாம விடுறதே மேல். ஒவ்வொரு வளைவும் புகைய எதிர்த்துத் தள்ளும், இன்ஜின் மூச்சுத் திணறும்.

சத்தம் பத்தி: தகட்டுல போட்டிருக்கிற டெசிபல் 7 மீட்டர்ல எடுத்ததான்னு கேளுங்க. தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், அதுவும் சுவர் எதுவும் எதிரொலிக்காத இடத்துல.

#10 மாடிவீடு

எல்லாம் புரிந்தது. இணைப்பு விஷயத்தில் ஒரு சந்தேகம். எலக்ட்ரீஷியன் ‘இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர் ஒன்று போதும். மெயினை ஆஃப் செய்துவிட்டு ஜெனரேட்டரிலிருந்து ஹாலில் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகினால் வீடு முழுக்க வந்துவிடும்’ என்கிறார். செலவே இல்லை. சரிதானா?

#11 நடுக்கம்பி

வேண்டாம். அந்த எலக்ட்ரீஷியனுக்கு வேறு வேலை கொடுங்கள்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், மெயினை ஆஃப் செய்ய மறந்தால் போதும். உங்கள் 230 வோல்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, உயர் அழுத்தக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் அதைத் தொடுவார். அதே நேரம் மெயின் சப்ளை திரும்பி வந்தால் இரண்டும் மோதி உங்கள் ஆல்டர்னேட்டர் எரியும். ஒரு பக்கம் சாக்கெட்டிலிருந்து கழன்றால் அந்தப் பிளக்கின் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில். தவிர, 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு ஓடும் வயர் 22 ஆம்பியருக்குப் போடப்பட்டதல்ல, ஆர்சிசிபி-யும் (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் ஸ்விட்ச்) வழியில் சரியாக வேலை செய்யாது.

வேண்டியது சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். நடுவில் ஆஃப் நிலை உள்ள 1-0-2 வகை. ஒரு பக்கம் மெயின், ஒரு பக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒன்றாகச் சேர இயந்திர ரீதியாகவே வழியில்லாதது. சிங்கிள் பேஸ் என்பதால் டபுள் போல்: பேஸும் நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும். மெயின் பக்கத்தில் உங்கள் இணைப்பு எவ்வளவோ அந்த அளவுக்கு, 40 அல்லது 63 ஆம்பியர்.

வீட்டு லோடு முழுவதையும் மாற்றாதீர்கள். அவசியச் சர்க்யூட்களுக்கென்று தனியாக ஒரு சின்ன டிபி பாக்ஸ் (சப்ளையைச் சர்க்யூட்களாகப் பிரிக்கும் பெட்டி) வையுங்கள். சேஞ்ச்ஓவருக்கு அடுத்து அந்த டிபி. கீசரும் இண்டக்ஷனும் பழைய டிபியிலேயே மெயினோடு இருக்கட்டும். யாராவது மறந்து கீசரைப் போட்டாலும் ஜெனரேட்டருக்குத் தெரியாது.

வயர்: ஜெனரேட்டரிலிருந்து சேஞ்ச்ஓவர் வரை 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 கேவிஏ-வுக்கு 22 ஆம்பியர். 4 சதுர மில்லிமீட்டர் செம்பில் ஆம்பியருக்கு மீட்டருக்கு 11 மில்லிவோல்ட் விழும்: 22 × 30 × 11 = 7260 மில்லிவோல்ட், அதாவது 7.3 வோல்ட், 3.2 சதவீதம். 6 சதுர மில்லிமீட்டரில் 7.3 மில்லிவோல்ட், 4.8 வோல்ட், 2.1 சதவீதம். மோட்டார் கிளம்பும்போது இந்த இறக்கமும் அதே விகிதத்தில் கூடும் என்பதால் 6 போடுங்கள். ஜெனரேட்டர் முனையில் கடைசி ஒன்றரை மீட்டர் வளையும் கேபிளாக இருக்கட்டும்; அதிர்வில் கெட்டி வயர் முனையிலேயே ஒடியும்.

#12 மாடிவீடு

டபுள் போல் ஏன்? நியூட்ரல் பொதுதானே, பேஸை மட்டும் மாற்றினால் போதாதா?

#13 நடுக்கம்பி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஜெனரேட்டர் போட்ட வீடுகளில் வரும் புகார்களில் பெரும்பகுதி நியூட்ரலில்தான் முடிகிறது.

சின்ன செட்களில் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் சேராமல் மிதந்துகொண்டிருக்கும். மீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டு பின்னுக்கும் பாடிக்கும் நடுவே ஆளுக்கு 115 வோல்ட் போலக் காட்டும். அது வெறும் கசிவு அளவீடு. மிதக்கும் நியூட்ரலில் பேஸ் கம்பி ஏதாவது ஒரு பாடியைத் தொட்டால் கரண்ட் திரும்பிப் போகச் சுற்று இல்லை, எனவே ஆர்சிசிபி டிரிப் ஆகாது. ‘டிரிப் ஆகவில்லை, பிரச்சினையே இல்லை’ என்று நினைப்பார்கள். இரண்டாவது ஃபால்ட் வரும்போதுதான் தெரியும்.

மெயின் சப்ளையில் நியூட்ரலை எர்த்தோடு சேர்ப்பது சப்ளை கொடுப்பவரின் வேலை. டபுள் போல் சேஞ்ச்ஓவர் ஜெனரேட்டர் பக்கம் திரும்பும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். ஆகவே ஜெனரேட்டருக்கு நீங்களே ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்க வேண்டும். ஆர்சிசிபி-க்கு முன்னால், ஜெனரேட்டர் பக்கம். பாடியையும் அதே எர்த்தில் கொடுத்து, வீட்டின் மெயின் எர்த் கட்டையோடு இணையுங்கள்.

இந்த இணைப்பை, அதாவது லிங்க்கை, போடும் முன் கட்டாயம் ஒரு சோதனை. செட்டை நிறுத்தி, லோடு கழற்றி, ஒவ்வொரு பின்னுக்கும் பாடிக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். இரண்டும் திறந்திருந்தால் மிதக்கும் வகை, லிங்க் போடலாம். ஒன்று சுழியும் மற்றது வைண்டிங்கின் சின்ன ஓம்ஸும் காட்டினால் ஏற்கெனவே உள்ளே சேர்த்திருக்கிறார்கள், நீங்கள் சேர்க்க வேண்டாம். இரண்டுமே சமமாகக் குறைந்த ஓம்ஸ் காட்டினால் வைண்டிங்கின் நடுப்புள்ளியைப் பாடியில் சேர்த்த வகை; இதில் ஒரு பின்னை எர்த்தோடு சேர்த்தால் பாதி வைண்டிங் ஷார்ட் ஆகி எரியும். கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

சிங்கிள் போல் போட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டால் என்ன ஆகும்? ஜெனரேட்டர் பக்கம் லிங்க் இருந்தால் நியூட்ரல் இரண்டு இடத்தில் எர்த் ஆகிறது. திரும்பும் கரண்ட்டில் ஒரு பகுதி எர்த் வழியாகப் போகும், மெயினில் இருக்கும்போதே, சேஞ்ச்ஓவருக்கு முன்னால் ஆர்சிசிபி இருந்தால், அது காரணம் தெரியாமல் விழும். லிங்க் இல்லாவிட்டால், தெருவில் நியூட்ரல் அறுந்த நாளில் உங்கள் ஜெனரேட்டர் மிதக்கும்.

#14 ஒத்தப்பேஸ்

டபுள் போல் போட்டும், எல்லாம் சரியாக இருந்தும், ஜெனரேட்டருக்கு மாறிய உடனே ஆர்சிசிபி விழுகிறது என்ற புகாரையும் நிறையப் பார்க்கலாம். அதையும் சொல்லிவிடுங்கள்.

#15 நடுக்கம்பி

அது கலந்த நியூட்ரல். அவசியச் சர்க்யூட்களின் பேஸ் வயர்களை மட்டும் புது டிபிக்குக் கொண்டு வந்து, நியூட்ரல்களைப் பழைய டிபியின் நியூட்ரல் பாரிலேயே (நியூட்ரல் வயர்கள் சேரும் உலோகப் பட்டை) விட்டிருப்பார்கள். புது ஆர்சிசிபி வழியாகப் போன கரண்ட் பழைய பார் வழியாகத் திரும்பப் பார்க்கும். போனதும் வந்ததும் சமமில்லை, 30 மில்லிஆம்பியர் வித்தியாசத்தில் விழும்.

எல்லா நியூட்ரலையும் பிரித்தாயிற்று, இன்னும் விழுகிறது என்றால் மாடிப்படி விளக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் போட்டு அணைக்கும் டூ-வே ஸ்விட்ச். பேஸ் கீழ்த்தளச் சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரல் மேல்தளத்திலிருந்தும் எடுத்திருப்பார்கள், அது வயரை மிச்சம் பிடிக்கும் பழைய பழக்கம். அந்த ஒரு 9 வாட் பல்புக்கு 40 மில்லிஆம்பியர் போனாலே ஆர்சிசிபி-க்குப் போதும்.

கண்டுபிடிக்க: மெயின் சப்ளையைப் பிரித்து, ஜெனரேட்டர் நின்றிருக்க, இன்வெர்ட்டரையும் அணைத்து அதன் வயர்களைக் கழற்றிவிட்டு, இரண்டு டிபியிலும் எம்சிபி (ஷார்ட் ஆனாலோ லோடு மீறினாலோ தானாக விழும் ஸ்விட்ச்), ஆர்சிசிபி எல்லாம் ஆஃப். இரண்டு நியூட்ரல் பார்களுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். திறந்த சுற்றாக இருக்க வேண்டும். பீப் அடித்தால் ஏதோ ஒரு இடத்தில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. புது பாரிலிருந்து ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றுங்கள்; எதைக் கழற்றும்போது பீப் நிற்கிறதோ அந்தச் சர்க்யூட்தான். அந்தச் சர்க்யூட்டை முழுதாக ஒரு டிபிக்கு மாற்றிவிடுங்கள். பீப் அடிக்காமலும் விழுகிறது என்றால் பேஸ் ஒரு டிபி, நியூட்ரல் இன்னொரு டிபி என்று முழுதாக மாறிப் போன சர்க்யூட். ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

#16 கம்பிச்சுருள்

நடுக்கம்பி சொன்னதோடு எம்சிபி பற்றி ஒன்று. மெயின் சப்ளையில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வரும், எம்சிபி கண்ணிமைப்பதற்குள் விழும். 5 கேவிஏ செட்டால் ஷார்ட்டில் தர முடிவது தன் அளவைப் போல மூன்று மடங்கு, சுமார் 65 ஆம்பியர். அதுவும் நொடியில் சரிந்துவிடும். சி டைப் 32 ஆம்பியர் எம்சிபி உடனே விழ 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். அது விழாது. வயரும் ஆல்டர்னேட்டரும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

ஆகவே அவசிய டிபியில் சர்க்யூட்களைச் சின்னதாகப் பிரித்து பி டைப் 6, 10 ஆம்பியர் போடுங்கள். பி 10 உடனே விழ 30 முதல் 50 ஆம்பியர் போதும், அதை ஜெனரேட்டரால் தர முடியும். மோட்டாருக்கு மட்டும் சி 10, இல்லாவிட்டால் கிளம்பும் இழுப்பிலேயே விழும். எர்த் ஃபால்ட்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

த்ரீ பேஸ் செட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 10 கேவிஏ த்ரீ பேஸ் என்றால் ஒரு பேஸில் 3.3 கேவிஏ, 14.5 ஆம்பியர்தான். ஒரு பேஸில் மட்டும் ஏற்றினால் மற்ற இரண்டின் வோல்டேஜ் எகிறும். த்ரீ பேஸ் போர்வெல் மோட்டார் உள்ளவர்களுக்குத்தான் அது. அவர்கள் பேஸ் வரிசையையும் மெயினோடு ஒத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுழலும், தண்ணீர் வராது.

#17 மாடிவீடு

இருக்கிற இன்வெர்ட்டரை என்ன செய்வது? கழற்றிவிடவா?

#18 கம்பிச்சுருள்

வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் பலம். கரண்ட் போன நொடியில் விளக்கு, ஃபேனை அது பிடித்துக்கொள்ளும். நீங்கள் நிதானமாகப் போய் ஜெனரேட்டரைக் கிளப்பலாம். ராத்திரி ஏசி வேண்டாத நேரத்தில் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டலாம்.

இன்வெர்ட்டரின் இன்புட்டை அவசிய டிபியிலிருந்து கொடுங்கள். ஜெனரேட்டர் ஓடியும் இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே நிற்கிறது என்றால் யுபிஎஸ் மோடில் இருக்கிறது என்று அர்த்தம்; அந்த மோடு 180 வோல்ட்டுக்குக் கீழோ பிரீக்வென்சி தள்ளாடினாலோ ஏற்காது. பின்புறம் இருக்கும் ஸ்விட்சைச் சாதாரண மோடுக்கு மாற்றுங்கள். அப்படியும் ஏற்காவிட்டால் ஜெனரேட்டரின் பிரீக்வென்சியை அளந்து பாருங்கள். லோடு இல்லாமல் 52 ஹெர்ட்ஸ், முழு லோடில் 50-ஐ ஒட்டி இருப்பது சரி. 54 காட்டினால் கவர்னரை (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) சரி செய்ய வேண்டும்.

காலியான 150 ஏஎச் பேட்டரி 15 ஆம்பியரில் சார்ஜ் ஆகும்போது ஜெனரேட்டரிலிருந்து 300 விஏ அளவு இழுக்கும். மேலே போட்ட கணக்கில் அதற்கும் இடம் இருக்கிறது, ஆனால் மோட்டார், ஏசி, மிக்ஸி எல்லாம் சேர்ந்தால் இருக்காது.

#19 ஒத்தப்பேஸ்

சோலார் போட்டிருப்பவர்கள் யாராவது படித்தால்: கிரிட்-டை இன்வெர்ட்டரின் (சோலார் கரண்ட்டை மெயின் சப்ளையோடு சேர்ப்பது) இணைப்பு சேஞ்ச்ஓவருக்கு முன்னால், மெயின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஜெனரேட்டர் பக்கம் வந்தால், அதை மெயின் என்று நினைத்துக்கொண்டு சோலார் உள்ளே தள்ளும். லோடு குறைவாக இருந்தால் ஆல்டர்னேட்டரையே எதிர்த்துத் தள்ளும், வோல்டேஜ் எகிறும்.

தானாக மாறும் பேனல் போடலாமா என்ற கேள்வி அடுத்து வரும், இப்போதே கேட்டுவிடுகிறேன்.

#20 கம்பிச்சுருள்

போடலாம், செல்ப் ஸ்டார்ட்டும் ஆட்டோ சோக்கும் உள்ள செட்டாக இருந்தால். கயிறு இழுக்கும் செட்டுக்கு அது இல்லை. அமைப்பு இப்படி: மெயின் போய் 5 முதல் 10 நொடி பொறுத்துக் கிளப்பும் சிக்னல், இன்ஜின் சூடாக 15 முதல் 30 நொடி, பிறகு லோடு மாற்றம். மெயின் திரும்பினால் 3 நிமிடமாவது நிலையாக இருக்கிறதா என்று பார்த்து மாறும், அதன் பிறகு லோடு இல்லாமல் 3 நிமிடம் ஓடி ஆறி நிற்கும். இந்த நேரங்களைக் குறைக்காதீர்கள். குறைத்தால், மெயின் வந்து வந்து போகும் நாளில் பேனலும் கூடவே ஆடும்.

இதில் முதலில் சாவது ஸ்டார்ட்டர் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரிக்கு 13.5 வோல்ட் பக்கம் எப்போதும் கொடுக்கும் ஃப்ளோட் சார்ஜர் வேண்டும், அதன் சப்ளை மெயினிலிருந்து. மாதம் பத்து மணி நேரத்துக்கு மாடிவீடு கையால் மாற்றுவதே போதும் என்பது என் எண்ணம்.

#21 புகைக்குழாய்

மாட்டி முடிச்சதும் செய்ய வேண்டியது. புதுசா வர்ற பெட்ரோல் செட்டுல ஆயில் இருக்காது, ஊத்தாம இழுத்துடாதீங்க. 5 கேவிஏ அளவுக்கு ஒரு லிட்டர் பக்கம் புடிக்கும், 10டபிள்யூ-30 போதும். முதல் 20 மணி நேரத்துல ஆயில் மாத்தணும், புது இன்ஜின்ல தேயுற இரும்புத்தூள் அதுல வரும். அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவ, இல்லன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, எது முதல்ல வருதோ. ஏர் ஃபில்டர் 50 மணி நேரத்துக்கு ஒரு தடவ தட்டி சுத்தம் பண்ணுங்க, புழுதி இடம்னா பாதியிலயே. பிளக் இடைவெளி 0.7-லிருந்து 0.8 மில்லிமீட்டர்.

மாசம் ஒரு தடவ கால் மணி நேரம் ஓட்டுங்க, லோடோட. லோடு இல்லாம சும்மா உறுமவிட்டா வோல்டேஜ் வருதா, மோட்டார் எடுக்குதான்னு தெரியாது. முதல் ஓட்டத்துல வரிசை இப்படி வைங்க: சேஞ்ச்ஓவர் 0-ல, எம்சிபி எல்லாம் ஆஃப், இன்ஜின கிளப்பி ரெண்டு நிமிஷம் சூடாகட்டும், மீட்டர்ல 230 பக்கம் பாருங்க. சேஞ்ச்ஓவர் 2-க்கு. ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன அமுக்குங்க, விழணும். ஆனா நியூட்ரல் லிங்க் இல்லாட்டியும் அந்தப் பட்டன் வேலை செய்யும், அத நம்பி லிங்க்க விட்டுடாதீங்க. அப்புறம் மோட்டார், அது ஒரே சீரான சத்தத்துல ஓடினதும் ஃபிரிட்ஜ், கடைசில ஏசி.

இன்ஜின் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுச்சுன்னா கவர்னர் ஸ்க்ரூவத் திருகாதீங்க, முதல்ல பைலட் ஜெட்டும் ஏர் ஃபில்டரும். இன்ஜின் நல்லா ஓடியும் வோல்டேஜ் 3, 4 வோல்ட்தான் காட்டுதுன்னா கார்பன் பிரஷ், ஏவிஆர், இல்லன்னா ரொம்ப நாள் சும்மா கிடந்து ரோட்டர்ல மிச்சமிருந்த காந்தம் போயிருக்கும். அதுக்கு 12 வோல்ட் பேட்டரிய ஃபீல்டுல காட்டி எழுப்பணும். ஏவிஆர கழட்டாம செய்தா ஏவிஆரும் போகும். தெரிஞ்ச ஆள் கையில குடுங்க.

பெட்ரோல் ஊத்துறதுன்னா நிறுத்தி கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான். மேல டேங்க், பக்கத்துலயே சைலன்சர்.

#22 மாடிவீடு

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: மேடையிலிருந்து சேஞ்ச்ஓவர் வரை 18 மீட்டர்தான் வருகிறது. 4 சதுர மில்லிமீட்டர் போதுமா?

#23 நடுக்கம்பி

22 × 18 × 11, 4.4 வோல்ட். 2 சதவீதத்துக்குள் அடங்கும், போதும். மண்ணுக்குள் போவதாக இருந்தால் கவசமுள்ள கேபிள், அரை மீட்டருக்குக் குறையாத ஆழம், மேலே எச்சரிக்கை நாடா. எர்த் வயரும் அதே 4. ஜெனரேட்டர் முனையில் டபுள் போல் 20 ஆம்பியர் எம்சிபி ஒன்று, தண்ணீர் புகாத பெட்டியில்.

#24 புகைக்குழாய்

பெட்டிய செட்டு மேலயே திருகாதீங்க. சுவர்ல வைங்க, அதிர்வுல எம்சிபி ஸ்க்ரூ லூஸாகும்.